பேஸ் ஜம்பிங்: உயிர் அவருடையது, பொறுப்பு யாருடையது?

அண்ணா சாலையில் இருக்கும் எல்ஐசி கட்டடத்தின் உயரம் 177 அடி, மீட்டரில் சொன்னால் 54. அதன் உச்சியிலிருந்து ஒரு கல் நழுவினால் தரைக்கு வந்து சேர ஏறக்குறைய 3.3 வினாடி ஆகும். கீழே பஸ்ஸுக்கு நிற்பவர் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து மணி பார்ப்பதற்குள் கதை முடிந்துவிடும். இப்படி விரல்விட்டு எண்ணக்கூடிய வினாடிகளுக்குள் விழுந்து முடிக்கிற உயரங்களிலிருந்து, முதுகில் ஒரேயொரு பாராசூட்டைக் கட்டிக்கொண்டு குதிப்பதுதான் பேஸ் ஜம்பிங். விமானம் கிடையாது. நிற்கிற இடத்திலிருந்து அப்படியே கீழே.

பேஸ் என்பது நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். பில்டிங் என்றால் கட்டடம், ஆன்டெனா என்றால் ஒளிபரப்புக் கோபுரம், ஸ்பேன் என்றால் பாலம், எர்த் என்றால் செங்குத்துப் பாறை. 1978ல் அமெரிக்காவின் யோசமிட்டி தேசியப் பூங்காவில், எல் கேப்பிட்டான் என்ற பெரும் பாறையிலிருந்து சிலர் குதித்ததை கார்ல் போனிஷ் படம்பிடித்தார். அதற்கு முன்பும் அங்கங்கே குதித்தவர்கள் உண்டு. ஆனால் இது திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய ஒரு வித்தை என்று உலகம் நம்பியது அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான். நான்கு வகையிலிருந்தும் ஒரு தடவையாவது குதித்தவருக்கு வரிசை எண் கொடுக்கும் வழக்கம் 1981ல் தொடங்கியது. போனிஷின் மனைவி ஜீனுக்கு எண் 3, போனிஷுக்கு எண் 4.

ஸ்கைடைவிங் பற்றிக் கேள்விப்பட்டவர்கள், ரெண்டும் ஒன்றுதானே என்பார்கள். விமானத்திலிருந்து குதிப்பவர் பொதுவாக 13,000 அடி உயரத்தில் வெளியே வருகிறார். ஒரு நிமிடம்போல விழுகிறார். பிறகு பாராசூட்டை விரிக்கிறார். அது சிக்கிக்கொண்டால் கழற்றி விட்டுவிட்டு இரண்டாவது பாராசூட்டை விரிக்க அவகாசம் இருக்கிறது. அவர் மயங்கியே போனாலும், விழும் வேகத்தையும் உயரத்தையும் கவனித்து இரண்டாவதைத் தானாகவே விரித்துவிடும் கருவி ஒன்று பையில் இருக்கிறது. அனுபவசாலிகளுக்கான அமைப்பில் அந்தக் கருவி வேலைசெய்யும் உயரம் ஏறக்குறைய 750 அடி.

இப்போது பெரைன் பாலத்தைப் பாருங்கள். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ட்வின் ஃபால்ஸ் ஊரில் இருக்கிறது. ஆண்டு முழுக்க, தனி அனுமதி எதுவும் வாங்காமலே குதிக்கலாம் என்பதால் புதிதாகப் பழகுபவர்கள் பல நாடுகளிலிருந்தும் அங்கே போகிறார்கள். அதன் உயரம் 486 அடி. ஸ்கைடைவருக்குக் கடைசிக் காவலாக இருக்கும் கருவி கண் விழிக்கும் உயரத்துக்கும் வெகு கீழே நின்றுகொண்டுதான் பேஸ் ஜம்பர் முதல் அடியையே எடுத்து வைக்கிறார். இரண்டாவது பாராசூட் இல்லாததற்குக் காரணமும் இதுதான். இருந்தாலும் அதைத் தொட நேரம் இருக்காது. மூன்று வினாடியில் 44 மீட்டர், ஐந்தாவது வினாடியில் 120 மீட்டர் அளவுக்கு விழுந்திருப்பார்.

கையில் சுருட்டிப் பிடித்திருக்கும் ஒரு சின்னக் குடையைக் காற்றில் வீசுகிறார். பைலட் ஷூட் என்பார்கள். அது காற்றைப் பிடித்து, முதுகுப் பையிலிருந்து பெரிய பாராசூட்டை இழுத்து வெளியே எடுக்கிறது. பாலம் என்றால் சுற்றிலும் வெட்டவெளி, தப்பித்தார். பாறையோ கட்டடமோ என்றால் முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கிறது. விரியும்போது பாராசூட் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டால், காப்பாற்ற வந்ததே அவரைக் கொண்டுபோய்ச் சுவரில் அறையும். அதைத் திருப்ப அவருக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு வினாடி. மடித்ததில் ஒரு குறை, தோள் கொஞ்சம் சாய்ந்திருந்தது, குறுக்கே ஒரு காற்று, எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் திரும்பிவிடுவதும் உண்டு. ஆகாயத்தில் ஸ்கைடைவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை, மோதிக்கொள்ள அங்கே என்ன இருக்கிறது? பேஸ் ஜம்பருக்கோ உயிர் போகும் விஷயம்.

சரி, எவ்வளவு ஆபத்து என்று எண்ணிப் பார்க்க முடியுமா? பெரும்பாலான குதிப்புகளுக்குக் கணக்கே கிடையாது. பாதிப்பேர் இருட்டில் குதித்துவிட்டு ஓடுகிறவர்கள், யார் நோட்டில் எழுதுவார்கள்? ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கும் இடங்களில் ஒன்று நார்வேயின் ஷெராக் மலை. ஏறக்குறைய 1,000 மீட்டர் செங்குத்துச் சரிவு, கீழே கடல் நுழைந்த பள்ளத்தாக்கு. அங்கே 1995 முதல் 2005 வரை நடந்த 20,850 குதிப்புகளை மருத்துவர்கள் ஆராய்ந்து 2007ல் வெளியிட்டார்கள். இறந்தவர்கள் 9 பேர். 2,317 குதிப்புக்கு ஒரு சாவு என்று வருகிறது. சாவில் முடியாத விபத்துகள் 82, அதாவது 254 குதிப்புக்கு ஒன்று.

இந்த மாதிரி எண்களை ஒப்பிட மைக்ரோமார்ட் என்று ஓர் அளவு இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ரொனால்டு ஹோவர்டு கொண்டுவந்தது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு சாவு வாய்ப்பு என்றால் ஒரு மைக்ரோமார்ட். அமெரிக்காவில் 2021ல் சுமார் 35.7 லட்சம் ஸ்கைடைவிங் குதிப்புகளில் 10 பேர் இறந்தார்கள், ஆக ஒரு குதிப்புக்கு மூன்றுக்கும் கொஞ்சம் குறைவான மைக்ரோமார்ட். ஷெராக் கணக்கில் ஒரு குதிப்புக்கு 430. ஒரே ஒரு மலையின் பத்தாண்டுக் கணக்கை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுதக் கூடாதுதான். ஆனாலும் இடைவெளி எவ்வளவு பெரிது என்பது விளங்கும்.

இந்தக் கணக்கில் ஆரம்பக்காரர்கள் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. 2,317ல் ஒன்று என்றால் காதுக்குச் சின்னதாகத்தான் கேட்கும். ஆனால் யாரும் ஒரு தடவை குதித்துவிட்டு நிறுத்துவதில்லையே. அதே வாய்ப்போடு நூறு தடவை குதித்தால் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு நாலைத் தாண்டுகிறது. ஆயிரம் தடவை என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஒவ்வொரு தடவையும் "இந்த ஒரு தடவைதானே" என்றுதான் மனசு சொல்லும், கூட்டிப் பார்க்காது.

அனுபவம் கூடக்கூட ஆபத்து குறையாதா என்றால், ஓரளவு குறையும். மடிப்பது, காற்றைப் படிப்பது, விரிக்கும் கணத்தைத் தேர்வது எல்லாம் பழக்கத்தில் வருவதுதான். ஆனால் பழக்கம் இன்னொரு வேலையும் செய்கிறது. ஓஎம்ஆரில் யூ டர்ன் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதே என்று ராங் சைடில் வண்டியை விடுபவரைக் கவனியுங்கள். முதல் நாள் நெஞ்சு படபடக்க, ஓரமாக, ஹார்ன் அடித்துக்கொண்டே வருவார். ஒரு மாதம் போனால் ஒரு கையில் டீ பார்சலோடு அதே வழியில் சாவகாசமாக வருவார். சாலை மாறவில்லை, எதிரே வரும் தண்ணி லாரியும் மாறவில்லை. ஒன்றும் ஆகாமல் தப்பித்த ஒவ்வொரு தடவையும், இது தப்பே இல்லை என்பதற்கான சாட்சியாக அவர் மனதில் சேர்ந்துவிட்டது. சேலஞ்சர் விண்வெளி ஓட விபத்தை ஆராய்ந்த சமூகவியலாளர் டயன் வாகன் இந்தப் போக்கை விரிவாக எழுதியிருக்கிறார். விதிமீறல் கொஞ்சம் கொஞ்சமாகச் சகஜமாகிப்போவது என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

ஸ்கைடைவிங் கருவிகள் பலவற்றை உருவாக்கிய பில் பூத் இதையே வேறு பக்கத்திலிருந்து சொன்னார். கருவிகள் எவ்வளவுக்குப் பத்திரமாகின்றனவோ அவ்வளவுக்குக் குதிப்பவர்கள் துணிச்சலைக் கூட்டிக்கொள்வார்கள், சாவு விகிதம் பழையபடியே நிற்கும் என்பது அவர் கருத்து. பூத் விதி என்றே அதற்குப் பெயர். பேஸில் அந்தத் துணிச்சல் போய் நின்ற இடம் விங்சூட். கைக்கும் உடம்புக்கும் இடையில் துணிச் சிறகு வைத்த உடை அது. பாறையிலிருந்து தள்ளிப் பறக்க உதவுகிறது, அந்த வகையில் பாதுகாப்பைக் கூட்டியது. அப்புறம் என்ன நடந்தது? அதே உடையைப் போட்டுக்கொண்டு பாறையை உரசுகிற மாதிரி பறக்க ஆரம்பித்தார்கள். 2016ல் மட்டும் உலகம் முழுக்க 30க்கும் மேற்பட்ட பேஸ் ஜம்பர்கள் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் விங்சூட் அணிந்தவர்கள்.

கத்துக்குட்டிகள் மட்டும் இறக்கவில்லை. கார்ல் போனிஷ் 1984 ஜூலையில் நார்வேயின் ட்ரோல்வேகன் பாறையிலிருந்து மனைவியோடு ஒரு தொலைக்காட்சிக்காகக் குதித்துச் சாதனை படைத்தார். ஓரிரு நாளிலேயே பக்கத்தில் இன்னோர் இடத்திலிருந்து குதித்து இறந்துபோனார். 1966ல் எல் கேப்பிட்டானிலிருந்து குதித்த முதல் இருவரில் ஒருவர் பிரையன் ஷூபர்ட். அவர் இறந்தது நாற்பது ஆண்டு கழித்து, 2006ல் ஒரு பாலத்திலிருந்து குதித்தபோது.

என் அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரீல்ஸில் இப்படி ஒரு விங்சூட் காட்சியைக் காட்டி, "மாமா, விழுந்தா அவன்தானே சாவான், இதுல போலீசுக்கு என்ன வேலை?" என்று கேட்டான். கேட்பதற்குக் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தாலும் இது பழைய, கௌரவமான கேள்வி. 1859லேயே ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் இதைப் பேசியிருக்கிறார், அதுவும் பாலத்தையே உதாரணமாக வைத்து. இடிந்து விழக்கூடிய பாலத்தில் ஒருவர் கால் வைக்கப்போகிறார், எச்சரிக்க நேரமில்லை என்றால் பிடித்து இழுப்பதில் தப்பில்லை. ஏனென்றால் ஆற்றில் விழ அவர் விரும்பவில்லை. ஆனால் ஆபத்து நிச்சயமில்லாமல் வெறும் வாய்ப்பாக மட்டும் இருந்து, அது தெரிந்தும் போகிறேன் என்று ஒரு வயதுவந்த மனிதர் சொன்னால், எச்சரிக்கலாமே தவிர பலவந்தமாக நிறுத்தக் கூடாது என்றார் மில். பேஸ் ஜம்பர்கள் தங்கள் பக்கம் பேசும்போது சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான்: தெரிந்தே செய்கிறோம், எங்கள் பொறுப்பு.

அவர்கள் அதை வெறும் வாய்ப்பேச்சாக விடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பேஸுக்கு உலகளாவிய லைசென்ஸ் கிடையாது, தடுத்து நிறுத்த ஒரு சங்கமோ வாரியமோ கிடையாது. அந்த இடத்தை ஒரு வகைக் குரு–சீடர் ஏற்பாடு நிரப்புகிறது. அனுபவசாலி ஒருவர் புதியவரைக் கூடவே வைத்துப் பழக்குகிறார், இன்னும் நீ தயாராகவில்லை என்று திருப்பி அனுப்பவும் செய்கிறார். பெயர் பெற்ற பாராசூட் தயாரிப்பாளர்கள், எத்தனை தடவை குதித்திருக்கிறாய், யாரிடம் பழகுகிறாய் என்று விசாரித்துவிட்டு விற்பதுண்டு. மேலே ஏறி, உடையெல்லாம் மாட்டி, காற்று சரியில்லை என்று தோன்றி அதே படியில் நடந்து இறங்குபவரை நல்ல கூட்டத்தில் யாரும் கேலி செய்ய மாட்டார்கள்.

இன்னொன்று, இறந்தவர்களின் பட்டியல். பேஸில் உயிர்விட்ட ஒவ்வொருவரைப் பற்றியும் அந்தக் கூட்டத்தாரே எழுதி வைக்கிறார்கள். 1981லிருந்து தொடங்கும் அந்தப் பட்டியலில் இன்றைக்கு 400க்கும் மேற்பட்ட பெயர்கள். எந்த இடம், என்ன கருவி, எதில் பிசகியது, இறந்தவர் செய்த தப்பு என்ன என்று பச்சையாக இருக்கும். நம் ஊரில் இது கொஞ்சம் உறுத்தும். சாவு வீட்டில் போய் "ஹெல்மெட் போட்டிருந்தாரா?" என்று கேட்டுவிட முடியுமா? விதி, நேரம் சரியில்லை, நல்ல மனுஷன் என்றுதான் பேசுவோம். அது மரியாதை, இருக்கட்டும். ஆனால் அந்த மரியாதையில் அடுத்தவனுக்குத் தெரிய வேண்டியது புதைந்துபோகிறது. நண்பனின் தப்பை நண்பனே எழுதி வைக்கும் இந்த வழக்கம்தான் பேஸ் ஜம்பர்களிடம் எனக்கு மிகவும் பிடித்தது.

சரி, அக்கா மகன் கேள்விக்கு வருவோம். அவன்தானே சாவான் என்பதில் "தானே" சரியா?

குதித்தவர் பாறையின் பாதி வழியில் ஒரு விளிம்பில் கால் ஒடிந்து தொங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். "அவர் விருப்பப்பட்டுப் போனார், விடு" என்று எந்த மீட்புக் குழுவும் வீட்டுக்குப் போகாது. கயிற்றில் ஒருவர் இறங்குவார், ஹெலிகாப்டர் பாறைக்குப் பக்கத்தில் வரும். ட்ரோல்வேகனில் பேஸ் ஜம்பிங்கை நார்வே 1986ல் தடை செய்ததற்குக் காரணம் இந்த மீட்பு வேலையின் ஆபத்தும் செலவும்தான். அதே நார்வே ஷெராக்கில் அனுமதிக்கிறது. குதிப்பவரின் உயிர் இரண்டு இடத்திலும் ஒன்றுதானே? மீட்கப் போகிறவரின் நிலைமைதான் இடத்துக்கு இடம் வேறு.

அமெரிக்க நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ 1921ல் ஒரு ரயில் விபத்து வழக்கில், ஆபத்து மீட்பை அழைக்கிறது என்று எழுதினார். விழுந்தவரைத் தேடிப் போய்த் தானும் விழுந்து அடிபட்டவரின் வழக்கு அது. ஓடிப்போய் உதவுவது மனித இயல்பு, ஆகவே ஆபத்தை உண்டாக்கியவர் உதவ வருபவருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது தீர்ப்பின் சாரம். இதற்குச் சென்னையில் கல்லாலேயே ஒரு சாட்சி நிற்கிறது. பெசன்ட் நகர் கடற்கரையில் செல்ஃபி எடுத்துக்கொள்ளும் அந்த வெள்ளை வளைவு, ஷ்மிட் நினைவகம். 1930 டிசம்பர் 30ஆம் தேதி, அலையில் சிக்கியவர்களைக் காப்பாற்ற உதவி, தான் மூழ்கிப்போன டென்மார்க்காரர் ஷ்மிட்டுக்காகக் கட்டியது. காப்பாற்றப் போனவர் செத்தார் என்று அதில் பொறித்தே இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே இன்றைக்கும் பையன்கள் இடுப்பளவு தாண்டித் தண்ணீரில் இறங்குகிறார்கள். மெரினாவிலும் அப்படித்தான், தண்ணீரில் இழுபட்டால் முதலில் கடலில் குதிப்பவர் பெரும்பாலும் பக்கத்துக் குப்பத்து மீனவர்.

கட்டடம் என்றால் இன்னும் சிலர் சேர்கிறார்கள். ஓஎம்ஆரில் கட்டிக்கொண்டிருக்கும் இருபத்தைந்து மாடிக் கட்டடம் ஒன்றில் ராத்திரி ஒருவர் ரகசியமாக ஏறி, விடியற்காலையில் குதித்து, பத்திரமாக இறங்கி, பைக்கில் போய்விட்டார் என்று கற்பனை செய்யுங்கள். யாருக்கும் சிராய்ப்புகூட இல்லை. காலை பத்து மணிக்குள் வீடியோ பரவிவிடும். பதினோரு மணிக்கு செக்யூரிட்டி ஏஜென்சியிலிருந்து சூப்பர்வைசர் வருவார். விசிட்டர் நோட்டைப் புரட்டுவார், ராத்திரி டியூட்டி யார் என்று கேட்பார். ஒப்பந்தச் சம்பளத்தில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்க்கும் அந்த அண்ணனுக்கு அன்றைக்கே கணக்கு முடிந்துவிடும். குதித்தவர் அவர் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். பேஸ் பற்றிய பேச்சில் குடும்பத்தையும் மீட்புக் குழுவையும் எல்லோரும் சொல்கிறார்கள், வாட்ச்மேனை யாரும் சொல்வதில்லை. கீழே போகும் ஷேர் ஆட்டோ, திடீரென மேலிருந்து ஆள் விழுவதைப் பார்த்து பிரேக் அடிக்கும் பஸ் டிரைவர், 108க்கு போன் போடும் டீக்கடைக்காரர், இவர்களில் ஒருவரிடமும் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

சக ஜம்பர்களுக்கும் பங்கு உண்டு. ஒரு இடத்தை "எரித்துவிட்டான்" என்று அவர்கள் பாஷையில் சொல்வார்கள். ஒருவர் பகலில், கூட்டத்துக்கு முன்னால், கவனக்குறைவாகக் குதித்து மாட்டிக்கொண்டால் காவல் போடுவார்கள், கதவைப் பூட்டுவார்கள். அதுவரை அங்கே சத்தமில்லாமல் குதித்துவந்த எல்லோருக்கும் அந்த இடம் போய்விடும். ஆகவே வெளியூரிலிருந்து வருபவர் உள்ளூர்க்காரரிடம் கேட்காமல் குதிக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். திருட்டுத்தனத்துக்குள்ளும் ஒரு நாகரிகம், வேடிக்கைதான்.

அப்படியானால் தடை போட்டுவிட்டால் முடிந்ததா? எல் கேப்பிட்டான் கதையைப் பாருங்கள். 1980ல் பூங்கா நிர்வாகம் சோதனை முறையில் அனுமதிச்சீட்டு கொடுத்தது. விதிமீறல்களைக் காரணம் காட்டிச் சில மாதங்களிலேயே நிறுத்தியது. அதன் பிறகு பிடிபட்டால் வழக்கு, அபராதம், பாராசூட் பறிமுதல். குதிப்பவர்கள் நிற்கவில்லை, நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். வெளிச்சம் மங்கிய வேளையில், அவசரத்தில், இறங்கியதும் ஓட வேண்டும் என்ற பதற்றத்தில் குதித்தார்கள். 1999 ஜூனில் ஃபிராங்க் காம்பாலி பத்திரமாகத் தரையிறங்கினார், பூங்கா காவலர்கள் துரத்த மெர்செட் ஆற்றில் குதித்து மூழ்கிப்போனார். அந்த அக்டோபரில், தடையை எதிர்த்து வெளிப்படையாகக் குதிக்கும் போராட்டம் நடந்தது. ஜான் டேவிஸ் என்ற அனுபவசாலிப் பெண், தன் பாராசூட் பறிமுதலாகிவிடுமே என்று இரவல் பாராசூட்டோடு குதித்தார். அது விரியவில்லை. இது பாதுகாப்பானது என்று காட்ட வந்த கூட்டம், பத்திரிகைக்காரர்கள், காவலர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க இறந்தார். தடைதான் கொன்றது என்று ஒரு கட்சி, குதித்ததுதான் கொன்றது என்று இன்னொரு கட்சி. என்னைக் கேட்டால் குதிப்பது அவர் முடிவு, இரவல் பாராசூட் தடையின் விளைவு. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் லவுட்டர்புருனன் பள்ளத்தாக்கில் வேறு வழி பிடித்தார்கள். குதிக்கத் தடையில்லை. ஆனால் ஜம்பர்கள் இறங்குவது விவசாயிகளின் புல்வெளியில். அந்தப் புல் மாட்டுக்குக் குளிர்காலத் தீவனம், மிதித்துவிட்டால் அறுக்க முடியாது. அதனால் ஜம்பர்கள் லேண்டிங் கார்டு என்று ஒன்றைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள், பணம் விவசாயிகளுக்குப் போகிறது. ஹெலிகாப்டர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் பறப்பதால், குதிக்கும் முன் ஹெலிகாப்டர் தளத்துக்கு போன் செய்து சொல்ல வேண்டும் என்பதும் ஏற்பாடு. அங்கேயும் பலர் செத்திருக்கிறார்கள், கார்டு வாங்கினால் பாறை விலகி நிற்காது. ஆனால் புல்லுக்குச் சொந்தக்காரரையும் பைலட்டையும் கணக்கில் சேர்த்தார்கள் அல்லவா, அது பெரிய விஷயம். மேற்கு வர்ஜீனியாவின் நியூ ரிவர் பாலத்தில் ஆண்டுக்கு ஒரு நாள், அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை, போக்குவரத்தை நிறுத்திவிட்டு, முன்பதிவு செய்தவர்களைக் குதிக்க விடுகிறார்கள். 267 மீட்டர் உயரம், கீழே மீட்புப் படகுகள் தயாராக நிற்கும். கோலாலம்பூர் கோபுரத்திலும் இப்படி முறையான அனுமதியோடு குதிப்பு விழாக்கள் நடந்திருக்கின்றன.

தமிழ்நாட்டுக்கு இந்த யோசனை புதிதில்லை. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சென்னையிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. மலையேற்றத்தையே ஒழித்துவிடுவார்கள் என்று அப்போது பேச்சு இருந்தது. அந்த ஆண்டே மலையேற்றத்துக்கென விதிமுறைகள் வந்தன. 2024ல் வனத்துறை தேர்ந்தெடுத்த பாதைகளில் வழிகாட்டியோடு, முன்பதிவோடு போகும் திட்டத்தை அரசே தொடங்கியது.

நம் சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்க்கலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவு, அசட்டையாக நடந்து பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து விளைவிப்பதைக் குற்றம் என்கிறது. கவனியுங்கள், பிறர். சம்மதத்தைப் பற்றி 25ஆம் பிரிவு பேசுகிறது. இருவர் ஒப்புக்கொண்டு கத்திச்சண்டை விளையாடினால், நேர்மையாக ஆடும்போது படும் காயம் குற்றமாகாது என்று பழைய தண்டனைச் சட்டத்திலிருந்தே வரும் உதாரணம் அதில் இருக்கிறது. ஆனால் சாவோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்று தெரிந்த செயலுக்கு அந்தச் சலுகை இல்லை. இவை போக அத்துமீறி நுழைந்த குற்றம் தனி. காப்பீட்டிலும் ஒரு வரி உண்டு. மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளில் இருக்கும் பொதுவான விலக்குப் பட்டியலில், சாகச விளையாட்டில் தொழில்முறையாக ஈடுபட்டு வரும் காயங்களுக்குப் பணம் இல்லை என்று இருக்கும். பாரா ஜம்பிங், ஸ்கைடைவிங் இரண்டும் பெயர் சொல்லியே இருக்கின்றன. உங்கள் பாலிசிக் கட்டை எடுத்துப் பாருங்கள்.

2022ல் அண்ணா சாலையில் பைக் சாகசம் செய்து வீடியோ போட்ட இளைஞர் ஒருவருக்கு ஜாமீன் கொடுத்தபோது சென்னை உயர் நீதிமன்றம் போட்ட நிபந்தனை நினைவிருக்கலாம். தேனாம்பேட்டை சிக்னலில் நின்று விழிப்புணர்வுத் துண்டறிக்கை கொடுக்க வேண்டும், ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் வார்டு பாய்களுக்கு உதவ வேண்டும். சிக்னலில் துண்டறிக்கை கொடுப்பதால் யார் திருந்தினார்கள் என்று தெரியவில்லை. ஸ்ட்ரெச்சர் தள்ளச் சொன்னது மட்டும் யோசித்துச் செய்த காரியம். வண்டி ஓட்டியவரைக் கொண்டுபோய், ஓட்டியதன் மறுமுனையில் வேலை செய்பவர் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு சென்னையிலிருந்து ஒருவருக்கு இதில் இறங்க ஆசை என்றால், ஆரம்பம் விமானத்தில்தான். முறையான ஸ்கைடைவிங் பயிற்சி, அமெரிக்க முறையில் முதல் நிலை லைசென்ஸுக்கே குறைந்தது 25 குதிப்பு. பேஸ் முதல் குதிப்புப் பயிற்சிக்குச் சேர்ப்பவர்கள் பொதுவாக 150, 200 ஸ்கைடைவிங் குதிப்புகளாவது முடித்திருக்க வேண்டும் என்பார்கள். அவசரப்பட வேண்டாம், அது பண விஷயமாகவும் பெரிய செலவு. பயிற்சியாளரிடம் பணம் கட்டும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். உங்கள் மாணவர்களில் இதுவரை யாருக்கு, எப்படி அடிபட்டது? காற்று எந்த அளவைத் தாண்டினால் குதிப்பை ரத்து செய்வீர்கள்? விளிம்பில் நின்று எனக்கு மனசில்லை என்று நான் திரும்பினால் கட்டிய பணம் என்ன ஆகும்? மூன்றாவதற்கு "அதெல்லாம் திரும்பக் கிடைக்காது" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். போன பணத்தை நினைத்துக்கொண்டே விளிம்பில் நிற்பவருக்குக் காற்று எப்போதும் சரியாகத்தான் தெரியும்.